படிப்பகப் பட்டியலில் அடிக்கப்பட்ட ஒரு புத்தகம்



சென்ற மாதச் செயற்குழுவில் நம் படிப்பகத்திற்கு நூல்கள் வாங்குவது பற்றி நடந்த வாக்குவாதத்தை அங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ பட்டியலில் இருந்தது. "குடும்பப் பெண்கள் வந்து போகிற இடத்தில் இந்த ஆபாசம் எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். புத்தகம் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. அடித்தவன் நான்தான், பேனா என் கையில் இருந்தது. அப்போது நான் அதைப் படித்திருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு படித்தேன். பார்சல் ஆபீசில் இரவு வேலை; ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வரும்வரை கிடைக்கும் நேரத்தில் ஒரு வாரம் படித்தேன். 2004-ல் வெளிவந்த நாவல் அது. ஒரு சிற்றூர் முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் வீட்டுக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கிறார்கள். நாம் ஆபாசம் என்று பெயரிட்டது, ஆண்கள் இல்லாத நேரத்தில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு. சின்ன வயதில் நான் அடுக்களைக்குள் நுழைந்ததும் என் அக்காமார் சட்டென்று நிறுத்திய பேச்சும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சூட்டோடு வேறு பெண்களின் நாவல்களையும் தேடிப் படித்தேன். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ 1979-ல் வந்தது. தூத்துக்குடிக்கே போய் உப்பளத் தொழிலாளரைக் கண்டு பேசி எழுதியவர் அவர். பொன்னாச்சி என்ற பெண் தம்பி பச்சையோடு அளத்துக்கு வேலைக்குப் போகிறாள். வெயில், உப்பு, கூலி இவற்றோடு மேலாளாக இருப்பவனின் கையையும் அவள் சமாளிக்க வேண்டியிருக்கிறது. சில இடங்களில் பாத்திரங்கள் மேடையில் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். நாமே பேசி அலுத்த பேச்சு அது. ஆனாலும் வேலை நடக்கும் இடத்தை இவ்வளவு நெருங்கி நின்று பார்த்த நாவல்கள் தமிழில் அதிகம் இல்லை.

அதிலிருந்து சில பக்கங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே பாண்டிகசாலையில் சுக்கு புடைக்கும் நம் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு அம்மாள் தன் கையை விரித்துக் காட்டினார். "அண்ணாச்சி, அங்கே உப்பு, இங்கே சுக்குக்குப் போடுற சுண்ணாம்பு. அம்புட்டுத்தான் வித்தியாசம்." மேலாள் வரும் இடத்தை வாசித்தபோது மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எத்தனை வருடமாகச் சங்க வேலை பார்க்கிறேன்! அந்த மௌனத்துக்கு ஒரு கோரிக்கை மனு நான் எழுதியதில்லை.

பாமாவின் ‘சங்கதி’ (1994) இன்னும் கறாரானது. ஒரே காட்டில் வேலை செய்தாலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி. ஆண் தன் கூலியை இஷ்டம்போல் செலவழிக்கிறான். பெண்ணின் கூலியில் அடுப்பு எரிகிறது. கூலி உயர்வுக்கு நாம் கொடி பிடித்திருக்கிறோம். உயர்ந்த கூலி வீட்டில் யார் கைக்குப் போனது என்று ஒரு நாளாவது கேட்டோமா?

பெண்தான் பெண்ணைப் பற்றி எழுத வேண்டுமா என்று வேளி சலவைத்துறைத் தோழர் ஒருவர் மடக்கினார். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ ஒரு வண்ணாத்தியின் கதைதானே, ஆண்தானே எழுதினார் என்றார். நல்ல கேள்வி. அது பெரிய நாவல், மறுக்கவில்லை. ஆனால் நான் அடித்தது அவர் புத்தகத்தை அல்லவே!

1953 செப்டம்பர் 15-ஐ நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். துறைமுக வேலைக்கான வில்லைகளைக் கூட்டத்தில் வீசி, தொழிலாளர்களை அடித்துப் பிடித்துப் பொறுக்கவிட்ட சாப்பா முறையை எதிர்த்தவர்கள் இதே மட்டாஞ்சேரியில் சுடப்பட்டார்கள். சைது, சைதாலவி, அந்தோணி என்று உயிர் கொடுத்தவர்களின் பெயர்களை மேடையில் சொல்கிறோம். அன்று உலை வைத்துக் காத்திருந்த பெண்களில் ஒருத்தியின் பெயராவது எனக்குத் தெரியாது. யாரும் எழுதி வைக்கவில்லை, நானும் கேட்டு வைக்கவில்லை.

இன்னொன்று. நம் கூட்டங்களுக்குப் பெண்கள் வருவதில்லை என்று குறைப்படுகிறோம். சுக்கு புடைக்கும் அந்த அம்மாளிடமே காரணம் கேட்டேன். "ஏழு மணிக்குக் கூட்டம் வச்சா சோத்தை யாரு வடிக்கிறது?" என்றார். ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்று அம்பை ஒரு கதைக்குத் தலைப்பு வைத்தாரே, அந்த மூலையிலிருந்துதான் இந்தக் கேள்வி வருகிறது.

ஆகவே அடுத்த செயற்குழுவுக்கு இரண்டு தீர்மானங்கள் கொண்டு வருகிறேன். ஒன்று, பொதுக்கூட்டத்தை ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு மாற்றுவது. மற்றது, அடித்த புத்தகத்தைத் திரும்பப் பட்டியலில் சேர்ப்பது. எதிர்க்க நினைக்கும் தோழர்கள் படித்துவிட்டு வந்து எதிர்க்கட்டும். என் பிரதியைப் படிப்பக மேசையில் வைத்திருக்கிறேன்.