அருகில் அமர ஆளில்லை

திருப்பலியில் சிறுவர் ஒருவர் தடங்கலின்றி வாசகம் வாசித்துவிட்டால் பெற்றோர் பூரிக்கின்றனர். பங்கு மக்கள் பாராட்டுகின்றனர். வாசித்ததன் பொருள் என்னவென்று அச்சிறுவரிடம் கேட்டவர் நம்முள் எத்தனை பேர்?

ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். இரண்டாம் வகுப்பில் நன்றாகப் படிப்பவள் என்று பெயரெடுத்தவள். இன்றோ, படிப்பு ஏறாத பிள்ளை என்கிறார்கள். கடல்நீர் ஆவியாகி மேகமாவதைச் சொல்லும் பாடத்தை அவளிடம் நீட்டினேன். பிழையின்றிப் படித்தாள். ஆவி என்றால் என்ன என்று கேட்டேன். சற்றே தயங்கி, "தூய ஆவியார்" என்றாள்.

இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. மறைக்கல்வியில் கேட்ட பொருள் ஒன்றே அவளிடம் இருந்தது. இட்டிலிப் பானையைத் திறந்ததும் எழுவதும் ஆவிதான் என்று அவளுக்குச் சொல்வாரில்லை. சொன்னவுடன் முகம் மலர்ந்தாள். பாடம் முழுவதும் விளங்கிற்று. இவளையா மந்தம் என்பது?

முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளை படிக்கக் கற்கிறது. நான்காம் வகுப்பு முதல், கற்பதற்காகவே படிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் ஜீன் சால் 1983இல் இதைத் தெளிவுபடுத்தினார். அவரும் உடனாய்வாளரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு, ஏழை வீட்டுப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புவரை ஏனையோருக்கு ஈடாகவே படித்ததையும், நான்காம் வகுப்பில் சறுக்கத் தொடங்கியதையும் காட்டிற்று. முதலில் சறுக்கியது எழுத்தறிவன்று, சொற்பொருள் அறிவு. நம் நாட்டிலோ எழுத்தைக் கூட்டிப் படிப்பதிலேயே பலர் நின்றுவிடுகின்றனர். 2022ஆம் ஆண்டின் அசர் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமப்புறங்களின் ஐந்தாம் வகுப்பினருள் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படித்தனர்.

சொல் அறிந்தவன் மேலும் படிக்கிறான். படிக்கப் படிக்கச் சொல் பெருகுகிறது. அறியாதவன் படிப்பை வெறுத்து, இருந்ததையும் இழக்கிறான். உளவியல் அறிஞர் கீத் ஸ்டானோவிச் 1986இல் இதை 'மத்தேயு விளைவு' என்றே குறித்தார். தாலந்து உவமையின் முடிவை நினைத்தால் காரணம் விளங்கும். ஆனால் இங்கே தாலந்தைப் புதைத்தவர் பிள்ளையல்லர், நாம்.

ஐந்தாம் வகுப்பிலேயே தோல்வியடையச் செய்தால் எல்லாம் சரியாகும் என்று வாதிடுவோர் உளர். அதே வகுப்பில் மீண்டும் உட்கார வைத்தால் சொற்கள் தாமே வந்து சேருமோ? நகையை அடகு வைத்து ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்ப்போரும் உளர். வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லை. தமிழில் பேச நேரமில்லை. ஈற்றில் பிள்ளைக்கு இரண்டுமில்லை. அரசு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கிற்று, வரவேற்கத்தக்கதே. ஆயினும் சொற்செல்வம் அரசாணையால் மட்டும் சேர்வதன்று. பெரியவர் பேச்சாலும் உடனிருப்பாலும் சேர்வது. பெற்றோரே பிள்ளைகளின் முதன்மைக் கல்வியாளர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்ததை, கட்டணம் செலுத்துவதோடு முடிந்த கடமையாக நாம் சுருக்கிவிட்டோம்.

விடியற்காலை மின்தொடர் வண்டியில் சென்று இரவில் திரும்பும் பெற்றோரை மட்டும் குறைகூறுவது அநீதி. அவர்களுக்குத் துணைநிற்பது பங்கின் கடமையன்றோ? பல பங்குகளின் மன்றங்கள் வார நாள்களில் பூட்டியே கிடக்கின்றன. மாலையில் ஒரு மணி நேரம் திறந்து, பாய் விரித்து, கதைநூல்கள் சிலவற்றை வைத்து, மரியாயின் சேனையாரும் இளையோரும் ஓய்வுபெற்றோரும் முறைவைத்து அமர்ந்தால் என்ன செலவாகிவிடும்?

திருத்தூதர் பணிகள் நூலில் வரும் எத்தியோப்பிய அலுவலர், தேரில் அமர்ந்து எசாயாவின் ஏட்டை வாசித்துக்கொண்டிருந்தார். வாசிக்கத் தெரிந்தவர்தாம்; பொருள் சொல்லத்தான் ஆளில்லை. பிலிப்பு அவருக்கு மதிப்பெண் இடவில்லை, மந்தமென்று இகழவுமில்லை. புரிகிறதா என்று கேட்டார். தேரில் ஏறி அருகில் அமர்ந்தார். நம் தெருப் பிள்ளைகள் காத்திருப்பது அத்தகைய ஒருவருக்காகவே.