‘நாம் சிறிய தீவு’ என்பது காரணமாகுமா?

கடற்கரைக் காற்பந்து உலகக் கிண்ணத்தில் 16 அணிகள் விளையாடுகின்றன. ஓஷானியா வட்டாரத்துக்கு வழக்கமாகக் கிடைப்பது அதில் ஒரே ஓர் இடம். பசிபிக் பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகள் அந்த ஓர் இடத்துக்காகத் தங்களுக்குள் ஒரு போட்டி நடத்துகின்றன. 2006ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தப் போட்டியில் இதுவரை கிண்ணம் வென்றவை இரண்டே அணிகள்: சாலமன் தீவுகள், தஹிட்டி. 2009இல் தஹிட்டியின் பாப்பியெட்டே நகருக்கே போய் சாலமன் தீவுகள் கிண்ணத்தைத் தூக்கி வந்தது. 2024இல் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹொனியாராவுக்குப் போய் தஹிட்டி பதிலுக்குத் தூக்கி வந்தது. வென்றவருக்கு உலகக் கிண்ணத்துக்கான விமானச் சீட்டு. தோற்றவருக்கு வீடு.

இந்தப் போட்டியைப் பற்றிச் சிங்கப்பூரில் பேசுவோர் குறைவு. நான் பேச விரும்புவதற்குக் காரணம், காற்பந்து என்றாலே நாம் சொல்லிக்கொள்ளும் ஒரு வாக்கியம். “நாம் சிறிய தீவு, இங்கே மொத்தமே ஆறு மில்லியன் பேர்தான்.” காப்பிக் கடையில் பெரியவர்கள் சொல்கிறார்கள், பல்கலைக்கழக உணவகத்தில் என் நண்பர்களும் சொல்கிறார்கள். தஹிட்டி அணி பிரதிநிதிக்கும் பிரெஞ்சுப் பொலினீசியாவின் மக்கள்தொகை 300,000க்கும் குறைவு. ஏறத்தாழ நம் தெம்பனிஸ் நகரில் குடியிருப்போர் அளவு. அந்தத் தெம்பனிஸ், உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறது.

2013ஆம் ஆண்டில் தஹிட்டிக்கு நடந்ததைக் கேளுங்கள். அதற்கு முந்தைய ஆண்டு புல்தரைக் காற்பந்தில் ஓஷானியா கிண்ணத்தை வென்றதால், பிரேசிலில் நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கிண்ணப் போட்டிக்கு அது தகுதி பெற்றிருந்தது. அந்த அணியில் நிபுணத்துவ ஆட்டக்காரர் ஒருவர்தான். மற்றவர்கள் வேலை பார்த்துக்கொண்டோ வேலை தேடிக்கொண்டோ விளையாடியவர்கள். நைஜீரியாவிடம் 1-6, ஸ்பெயினிடம் 0-10, உருகுவேயிடம் 0-8. மூன்று ஆட்டங்களில் 24 கோல்கள் வாங்கி ஒரு கோல் போட்டது. மரக்கானா அரங்கில் பிரேசில் ரசிகர்கள் தஹிட்டிக்காகக் கைதட்டினார்கள். அது அன்பான கைதட்டல்தான், ஆனால் அதில் இரக்கம் கலந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. குழந்தை தடுக்கி விழுந்து எழும்போது தட்டுகிறோமே, அப்படி.

அது ஜூன் மாதம். செப்டம்பரில் கடற்கரைக் காற்பந்து உலகக் கிண்ணம் பாப்பியெட்டேயிலேயே நடந்தது. அதே தஹிட்டி, காலிறுதியில் அர்ஜெண்டினாவை வெளியேற்றியது. அரையிறுதியில் ரஷ்யாவிடம் தோற்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரேசிலிடம் பெனால்டியில்தான் வீழ்ந்தது. இந்த முறை யாரும் இரக்கப்பட்டுக் கைதட்டவில்லை. 2015இல் போர்ச்சுகலில் நடந்த போட்டியில் அரையிறுதியில் இத்தாலியை பெனால்டியில் வென்று இறுதியாட்டத்துக்குப் போய், போட்டியை நடத்திய போர்ச்சுகலிடம் 3-5 எனத் தோற்றது. அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது தஹிட்டியின் ஹெய்மானு தையாருயிக்குக் கிடைத்தது. 2017இல் இன்னொரு தீவு நாடான பஹாமாஸில் மீண்டும் இறுதியாட்டம். பிரேசில் 6-0 என்று நொறுக்கிவிட்டது. அந்தப் போட்டிக்கான ஆசியத் தகுதிச்சுற்று நமக்குப் பக்கத்தில், கோலத் திரங்கானுவில்தான் நடந்தது. பாலத்தைத் தாண்டி ஒரு பேருந்துப் பயணம். என் வயதுக்காரர்களில் யாருக்காவது அது நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் இல்லை.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சிறு விளக்கம். அணிக்கு ஐந்து பேர், வெறுங்கால். 12 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். மைதானம் ஏறத்தாழ 36 மீட்டர் நீளம், 27 மீட்டர் அகலம். மணல் குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். அந்த மணலில் பந்து நேராக உருளாது. நீங்கள் ஒரு பக்கம் தள்ளினால் அது வேறு பக்கம் துள்ளும். அதனால் பந்தைக் கால்விரலால் கோதி மேலே எழுப்பி, தரையில் விழாமலேயே கைமாற்றுகிறார்கள், தவறு, கால்மாற்றுகிறார்கள். தலைகீழாகப் புரண்டு உதைப்பது இங்கே சாகசம் இல்லை, தேவை. கோல்காப்பாளர் பந்தைக் கையால் எறிந்தே தாக்குதலைத் தொடங்குகிறார். தப்பாட்டத்துக்குக் கிடைக்கும் உதையின்போது எதிரணியினர் சுவர் போல நின்று மறைக்க முடியாது. ஓர் ஆட்டத்தில் ஏழெட்டு கோல்கள் விழுவது சாதாரணம்.

இதைப் படித்ததும் ஒரு முடிவுக்கு வரத் தோன்றும். தஹிட்டிக்காரர்கள் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள், மணல் அவர்கள் இரத்தத்தில் இருக்கிறது, அதனால் வெல்கிறார்கள். வெளிநாட்டு வருணனையாளர்கள் இப்படித்தான் பேசுவார்கள், தென்னை மரத்தையும் சேர்த்து. எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. உழைத்துப் பெற்றதைப் பிறப்பில் கிடைத்ததாகச் சொல்வது பாராட்டுப் போலத் தெரியும் ஓர் அவமதிப்பு.

உண்மை என்னவென்று பாருங்கள். 2025 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பிரேசிலுடன் மோதி 3-4 என்று மயிரிழையில் தோற்றது பெலருஸ். அதற்குக் கடலே கிடையாது. 2009இல் இரண்டாம் இடம் பிடித்தது சுவிட்சர்லாந்து. அதற்கும் கடல் கிடையாது. 2011, 2013 என அடுத்தடுத்து இரண்டு முறை வெற்றியாளர் ஆனது ரஷ்யா. ஆண்டில் பாதி பனி கொட்டும் ஊர்களில் கூரைக்குக் கீழே மணலைக் கொட்டித்தான் பயிற்சி செய்ய முடியும். பாப்பியெட்டேயிலும் உலகக் கிண்ணம் இயற்கையான கடற்கரையில் நடக்கவில்லை. நடன விழாக்கள் நடக்கும் தோஆத்தா வளாகத்தில் மணலை நிரப்பி, சுற்றி இருக்கைகளை எழுப்பி நடத்தினார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த தகவல் இது: 2013 போட்டிக்குத் தஹிட்டியைத் தயார்ப்படுத்தியவர் ஏஞ்சலோ ஷிரின்ஸி. சுவிட்சர்லாந்து அணியை வளர்த்த அதே பயிற்றுவிப்பாளர். கடல் இல்லாத நாட்டுக்காரர் வந்து, கடல் சூழ்ந்த தீவினருக்கு மணலில் விளையாடச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த போட்டியில் உள்ளூர்ப் பயிற்றுவிப்பாளர் தேவா சவெரோனி பொறுப்பேற்று அணியை இறுதியாட்டத்துக்குக் கொண்டு போனார்.

ஆகவே தஹிட்டி செய்தது ஒரு தேர்வு. பதினொரு பேர் ஆடும் ஆட்டத்துக்கு ஆழமான ஆள்பலம் வேண்டும். ஐந்து பேர் ஆடும் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் போதும். அந்தப் பன்னிரண்டு பேரையும் பல ஆண்டுகள் சேர்த்தே வைத்திருந்தார்கள்.

“குறைவான நாடுகள் ஆடும் விளையாட்டு, அதனால் எளிது” என்று என் அறைத்தோழன் வாதிட்டான். பாதி சரி. ஆனால் அந்தக் குறைந்த நாடுகளில் பிரேசிலும் போர்ச்சுகலும் இத்தாலியும் இருக்கின்றன. அவன் அடுத்து எடுத்த ஆயுதம் கூர்மையானது: கேப் வெர்டியும் குராசாவும் 2026 உலகக் கிண்ணத்துக்கே தகுதி பெற்றுவிட்டனவே, சிறிய தீவுகள் ஏன் மணலுக்குப் போக வேண்டும்? உண்மைதான். குராசாவ்தான் உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றவற்றிலேயே மக்கள்தொகையில் ஆகச் சிறியது. ஆனால் அந்த இரண்டு அணிகளிலும் ஐரோப்பாவில் பிறந்து அங்குள்ள மன்றங்களில் பயின்ற பிள்ளைகள் நிறைய. தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். சிங்கப்பூருக்கு அப்படி ஒரு கையிருப்பு இல்லை. நாம் 1998இல் ‘கோல் 2010’ என்றோம். இப்போது ‘கோல் 2034’ என்கிறோம். 2025 நவம்பரில் ஹாங்காங்கை 2-1 என வென்று ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற இரவில் நானும் கத்தினேன், தொண்டை கட்டியது. அந்தக் கனவை விடச் சொல்லவில்லை. அது ஒன்றே கனவாக இருப்பதைத்தான் கேள்வி கேட்கிறேன்.

2025 கடற்கரைக் காற்பந்து உலகக் கிண்ணத்தை நடத்தியது சீஷெல்ஸ். சுமார் 120,000 பேர் வாழும் நாடு. ஆப்பிரிக்காவில் இப்போட்டி நடந்தது அதுவே முதல்முறை. (தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது, அங்கே தமிழர்களும் உண்டு.) சீஷெல்ஸ் அணி குழுச் சுற்றோடு வெளியேறியது. அதே நகரில் 2015இல் நடந்த ஆப்பிரிக்கப் போட்டியில் பக்கத்துத் தீவான மடகாஸ்கர் வெற்றியாளர் ஆனது. தோற்போம் என்று தெரிந்தும் ஒரு சிறு நாடு 15 அணிகளை வீட்டுக்கு அழைத்தது. நாம் வெல்வதற்கு வாய்ப்பு இருந்தால்தான் விளையாடத் தொடங்குவோம் என்று தோன்றுகிறது.

அது பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. உயர்நிலை ஒன்றில் காற்பந்தை இணைப்பாட நடவடிக்கையாக எடுக்க எங்கள் பள்ளியில் தேர்வு வைத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள். காரணம் எளிது: பள்ளி அணிக்குப் பதக்கம் வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டவர்களில் நானும் என் வகுப்பைச் சேர்ந்த இருவரும் உண்டு. அந்த இருவரில் ஒருவன் குள்ளம், ஓட்டத்தில் மெதுவு, ஆனால் பந்து அவன் காலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். 36 மீட்டர் மைதானத்தில் அவன் எப்படி ஆடியிருப்பான் என்று இப்போதும் யோசிக்கிறேன். அவன் வேறு நடவடிக்கையில் சேர்ந்தான், பிறகு பந்தைத் தொட்டதே இல்லை.

இதற்கு அமைச்சுகளின் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை முழுவதும் நாம் கடலை நிரப்பி உருவாக்கிய நிலம். மணல் நமக்கும் செய்து வைத்ததுதான். செந்தோசாவில் கடற்கரைக் கைப்பந்துக்கு மணல் தளங்கள் இருக்கின்றன. வார நாள் காலைகளில் அங்கே ஆள் நடமாட்டம் குறைவு. பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தங்களுக்குள் ஆறு அணிகளைச் சேர்த்து, விடுமுறையில் ஆறு வாரம் ஆடிப் பார்க்கட்டும். பெண்கள் அணிகளையும் முதல் நாளிலிருந்தே சேர்க்கட்டும், பின்னால் இணைப்பு போல ஒட்ட வேண்டாம். தேர்வு வைத்து யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். காலணிச் செலவு இல்லை. கோல் கம்பம் 5.5 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம். இரண்டு கம்பங்களையும் ஒரு சிறு லாரியில் ஏற்றிவிடலாம்.