குளிர்மேல் போடும் பழி

பதுளைத் தேயிலைத் தோட்டங்களில் இருமலும் இளைப்பும் ஓயாததற்கு மலைநாட்டுக் காலநிலைதான் காரணம், இயற்கையோடு மல்லுக்கு நிற்க முடியாது, அந்தச் சனங்களுக்குச் சுத்தமும் போதாது என்றொரு வாதத்தைப் படித்தவர்களே திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள். அறியாமல் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். இது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கென்றே சொல்லப்படும் வாதம்.

இதே ஊவாக் காற்றைத் தேடித்தான் வெள்ளைக்காரத் துரைமார் உடம்பு தேற வந்தார்கள். பண்டாரவளையில் 1893இல் ஹோட்டலே எழும்பியது. இன்றைக்கும் கொழும்புக்காரர் விடுமுறைக்கு ஹப்புத்தளைக்கும் எல்லவுக்கும் ஏறுவது அந்தக் குளிரை அனுபவிக்கத்தான். குளிர்தான் நோய் என்றால் பங்களாவில் இருந்தவர்களுக்கும் அல்லவா வந்திருக்க வேண்டும்? பங்களாவில் கணப்பு உண்டு, கண்ணாடி ஜன்னல் உண்டு, காய்ந்த படுக்கை உண்டு. அதே மலையின் சரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், இவை எதுவும் இல்லை.

மார்கழி மழையில் ஒரு லயத்துக் காம்பிராவுக்குள் போய் நின்று பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் கட்டிய பழைய அறை. குடும்பம் முழுக்க அதற்குள். கூரை ஒழுகும் இடத்தில் ஒரு சட்டி. கொழுந்தெடுத்து நனைந்து வந்தவளின் படங்கும் கம்பளியும் அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கும். அவை காய்வதற்குள் மறுநாள் பெரட்டுக்கு நேரமாகிவிடும். விறகும் ஈரம். ஈர விறகு எரிவதைவிடப் புகைவதே அதிகம். குளிருக்குக் கதவைச் சாத்தினால் புகை உள்ளேயே நிற்கும்; திறந்தால் சாரல் தொட்டில்வரை வரும். அந்தப் புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போகின்றன. குழந்தைகளுக்கு நிமோனியாவையும் பெரியவர்களுக்கு நாட்பட்ட சுவாச நோயையும் கொண்டுவருகின்றன. மருத்துவ உலகம் ஐயமற நிறுவிய விஷயம் இது. ஈரச் சுவரில் படரும் பூஞ்சணம் இளைப்பைக் கிளப்பிவிடும். மழை நனைக்கத்தான் செய்யும். உலரவிடாமல் வைத்திருப்பது அந்த அறையும் அதை அப்படியே விட்டுவைத்தவர்களும்தான்.

சுத்தம் போதாது என்கிறவர் ஆவணியில் வந்து பார்க்கட்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன மணம் ஏறுகிறது. ஏலத்தில் அந்த மணத்துக்கு நல்ல விலை. அதே காற்றில் பீலித் தண்ணீர் நூலாக இளைக்கிறது. ஒரு குடம் நிறைய வரிசையில் நிற்கும் தாய்க்குக் கைகழுவும் பாடம் நடத்த எவருக்கும் யோக்கியதை இல்லை. வறட்சியில் கொழுந்து குறையும், நிறை குறையும், அரைநாள் சம்பளமாக அரைப்பேர் விழும், பிள்ளையின் தட்டில் பருப்பும் குறையும். 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது ஏறத்தாழ 32 சதவீதம். சளி நிமோனியாவாக எளிதில் முற்றுவது இப்படி வாடிய உடம்பில்தான்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண்சரிவு மூடியபோதும் பழி மழைமேல்தான் போனது. அந்த இடத்தின் ஆபத்தைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. சனங்கள் ஏன் எழும்பிப் போகவில்லை என்று கேட்டார்கள். எங்கே போவது? காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். வெளியே ஒரு பேர்ச் காணிகூட அவர்கள் பெயரில் இருக்கவில்லை. எழும்பச் சொன்னவர்கள், முதல் எச்சரிக்கைக்குப் பிறகு ஒன்பது வருடம் ஆகியும், அந்தச் சனங்கள் போய்க் குடியிருக்கப் பாதுகாப்பான இடத்தில் வீடு கட்டிக் கொடுக்கவில்லை. காலநிலையைக் குற்றம் சொல்கிறவர்கள் முதலில் அந்த ஒன்பது வருடத்துக்குப் பதில் சொல்லட்டும்.