வெடித்த நட்சத்திரத்தைத் தொட்டுப் பார்க்கலாமே!

ராயபுரம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு, ரயில் வருகிறதா போகிறதா என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். வரும்போது கீச்சென்று கேட்கும் ஹாரன், தாண்டியதும் சட்டென்று தணிந்துவிடும். இதுதான் டாப்ளர் விளைவு. வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் உருவத்தைக் கண்டுபிடிக்க உதவியதும் இதேதான்!

சுமார் 11,000 ஒளியாண்டு தொலைவில் உள்ள காசியோப்பியா ஏ, படத்தில் தட்டையான வட்டமாகத்தான் தெரிகிறது. ஆனால் நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலத்தின் பக்கமும், விலகிப் போகும் வாயுவின் ஒளி சிவப்பின் பக்கமும் நகரும். அதிலிருந்து வேகம் தெரியும். வெடித்துச் சுமார் 340 ஆண்டுகள். வேகத்தைக் காலத்தால் பெருக்கினால் ஆழமும் கிடைத்துவிடும். இப்படி 2009ல் உருவான முப்பரிமாண மாதிரியில், உருண்டையோடு சாய்ந்த தட்டும், பீய்ச்சியடிக்கும் தாரைகளும் தெரிந்தன. அதாவது, அந்த நட்சத்திரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெடிக்கவில்லை.

இதற்கு உதவிய சந்திரா தொலைநோக்கிக்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரியை முப்பரிமாண அச்சில் எடுப்பதற்கான கோப்பும் இலவசமாகவே கிடைக்கிறது.

"துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். ஹாரன் சத்தத்திலேயே பாதிப் பாடத்தைப் படித்துவிட்ட பிள்ளைகள் அவர்கள்! திருவொற்றியூர், எண்ணூர் பள்ளிகளில் ஆளுக்கொரு மாதிரி வேண்டாம், பள்ளிக்கு ஒன்று போதும். பார்வையற்ற மாணவரும் தடவிப் பார்த்துப் புரிந்துகொள்வார். மீதிப் பாடத்தை மட்டும் ஏன் மறைத்து வைக்க வேண்டும்?