குரல் கொடுப்பதும் ஒரு வேலைதான்

கல்லூரிப் படிப்பை முடித்த என் பேத்தி, கார்ட்டூன் படங்களுக்குக் குரல் கொடுக்கும் வேலைக்குப் போகப்போவதாகப் போன மாதம் சொன்னாள். "முகமே தெரியாத வேலையில் என்னம்மா பேர் கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டேன். முப்பத்தைந்து வருடம் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தவன் வேறென்ன கேட்பான்! அவள் சண்டை போடவில்லை. "இதைக் கேளு தாத்தா" என்று ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு ஜப்பானியப் பாட்டு. 'ஃபேண்டம் மைண்ட்ஸ்' என்று பெயர். 2010 ஜனவரியில் சிங்கிளாக, அதாவது ஒரு பாட்டை முன்னிறுத்தி வரும் சின்ன சிடியாக வெளிவந்தது. 'மேஜிகல் கேர்ள் லிரிகல் நானோஹா' என்ற அனிமே திரைப்படத்தின் பாட்டு அது. எழுதிப் பாடியவர் நானா மிசுகி. அதே படத்தில் ஃபேட் என்ற சிறுமிக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் 'நருட்டோ'வில் கூச்சத்தோடு பேசுகிற ஹினாட்டாவும் அவர்தான். இப்படிப்பட்ட குரல் நடிகர்களை அங்கே 'செய்யூ' என்கிறார்கள். ஓரிகான் என்பது அந்த நாட்டு இசைத்தட்டு விற்பனைப் பட்டியல். அதன் வாராந்திர சிங்கிள் வரிசையில் ஒரு செய்யூ தனியாகப் பாடி முதலிடம் பிடித்தது இந்தப் பாட்டில்தான் முதல் தடவை.

பாட்டு முடிந்த பிறகு அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1980-ல் ஷிகோகு தீவில் நீஹாமா என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பல்செட் செய்து கொடுப்பவர். மகளை என்கா பாடகியாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சின்ன வயதிலிருந்தே தானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். என்கா என்பது பிரிவையும் ஏக்கத்தையும் இழைத்துப் பாடும் பாணி. ஸ்வரத்தை வளைத்து அசைக்கும் 'கோபுஷி' அதற்கு உயிர். நம் கமகத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மகளோ தோக்கியோவுக்குப் படிக்கப் போய், குரல் நடிப்புக்குள் நுழைந்து, 2000 டிசம்பரில்தான் பாடகியாக முதல் சிங்கிளை வெளியிட்டார். அப்பா 2008-ல் காலமானார். அடுத்த ஆண்டு டிசம்பர் 31 இரவு, என்எச்கே நடத்தும் 'கோஹாக்கு' பாட்டுப் போட்டி மேடையில் மகள் நின்றார். 1951-லிருந்து நடக்கும் நிகழ்ச்சி அது. என்கா பாடுகிறவர்களுக்கு அந்த மேடை பெரிய கனவு. அப்பா காட்டிய இடத்துக்கே மகள் போய்ச் சேர்ந்தார். வழிதான் வேறு. பார்க்க அவர் இல்லை.

முதலிடம் என்ன பெரிய முதலிடம், ரசிகர் கூட்டம் ஒரே வாரத்தில் ஓடிப்போய் வாங்கினால் யாரும் வரலாமே என்று சிலர் கேட்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. விற்பனைக் கணக்கை வைத்துப் பாட்டின் தரத்தை அளக்க நானும் ஒப்ப மாட்டேன். ஆனால் அந்த ரசிகர்கள் எங்கிருந்து வந்தார்கள்? வருடக்கணக்காக ஒரு குரலை மட்டும் கேட்டு, அது யாருடையது என்று தேடிப்போனவர்கள் அவர்கள். படத்தில் அழுத அதே குரல் பாட்டிலும் வரும்போது அவர்களுக்கு அது அந்நியம் இல்லை. இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதோடு, அனிமேயில் எந்தப் பாத்திரத்துக்கு யார் குரல் என்று கடைசியில் பெயர் போடுகிறார்கள். பெயர் தெரிந்ததால்தான் தேட முடிந்தது. முகம் தெரியாத வேலைக்குப் பேர் கிடைக்காது என்று நான் சொன்னது பாதிதான் சரி. பேரைப் போடாதவர்களும், போட்டாலும் படிக்காமல் எழுந்து போகும் என்னைப் போன்றவர்களும் சேர்ந்து செய்த வேலை அது.

பேத்தியிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வயதானவனுக்கு அது கொஞ்சம் கஷ்டம். "தொண்டையைப் பார்த்துக்கோ, சம்பளம் எவ்வளவுன்னு எழுத்தில் வாங்கிக்கோ" என்று மட்டும் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பேரக் குழந்தைகளோடு கார்ட்டூன் பார்த்தால், முடிந்ததும் ரிமோட்டைத் தேடாதீர்கள். ஓடுகிற பெயர்களை ஒரு நிமிடம் படியுங்கள். யாரோ ஒருவர் பெற்ற பிள்ளையின் பெயர் அதில் இருக்கும்.