ரிட்டயர் ஆனா ஈ.எஸ்.ஐ. கார்டும் போயிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. உங்க வீட்ல தோல் கம்பெனிக்கோ ஷூ கம்பெனிக்கோ போறவங்க இருந்தா முழுசாப் படிங்க.

போன வாரம் ஒரு பெரியவரைத் தூக்கிட்டு வந்தாங்க. வயசு 60. ஆம்பூர் பக்கம் ஒரு டேனரியில இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவர். இடது கை, கால் விழுந்திருந்தது, வாய் கோணியிருந்தது. பிரஷர் 210/120.

"பிரஷர் மாத்திரை என்ன சாப்பிடறார்மா?"

"இப்ப எதுவும் இல்லீங்க டாக்டர். 58ல ரிட்டயர் ஆனாரு. கொஞ்ச நாள் ஈ.எஸ்.ஐ.ல குடுத்தாங்க. அப்புறம் கார்டு செல்லாதுன்னுட்டாங்க."

கார்டு ஏன் செல்லாமப் போச்சு? மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கறவங்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. நம்ம சம்பளத்துல 0.75% பிடிப்பாங்க, கம்பெனி 3.25% போடும். வேலை முடிஞ்ச மறுநாளே கார்டு நிக்காது. ஏற்கெனவே கட்டின சந்தாவை வெச்சு சில மாசம் ஓடும். அதனாலயே யாரும் உஷாராக மாட்டாங்க. திடீர்னு ஒருநாள் டிஸ்பென்சரி கம்ப்யூட்டர்ல பேர் வராது.

ஆனா சட்டத்துல இதுக்கு வழி இருக்கு. அஞ்சு வருஷமாவது ஈ.எஸ்.ஐ.ல இருந்து, வயசாகி ரிட்டயர் ஆனவர் மாசம் 10 ரூபாய் கணக்குல வருஷத்துக்கு 120 ரூபாய் முன்கூட்டியே கட்டினா, அவருக்கும் மனைவிக்கும் (பெண் தொழிலாளின்னா கணவருக்கும்) மருத்துவ வசதி தொடரும். வி.ஆர்.எஸ். வாங்கினவங்களுக்கும் உண்டு. வருஷா வருஷம் மறக்காமப் புதுப்பிக்கணும், அவ்வளவுதான். இந்தப் பெரியவருக்கு இது தெரியாது. பி.எஃப். பேப்பர்ல கையெழுத்து வாங்கின கம்பெனி இதைச் சொல்லவே இல்ல.

"அதான் முதலமைச்சர் காப்பீட்டுல அஞ்சு லட்சம் இருக்கே, 120 ரூபாய் எதுக்கு?"ன்னு சிலர் கேட்பீங்க. ரெண்டும் ஒண்ணு இல்லீங்க. அஞ்சு லட்சம் ஆபரேஷனுக்கும் பெரிய சிகிச்சைக்கும். தினமும் சாப்பிடற பிரஷர், சுகர் மாத்திரை அதுல வராது, ஈ.எஸ்.ஐ.ல வரும். அறுபது வயசுக்காரரைப் படுக்கையில தள்றது பெரும்பாலும் விட்டுப்போன அந்தச் சின்ன மாத்திரைதான். (ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே குடுக்கறாங்க, 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் மூலமா வீட்டுக்கே வருது. கார்டு நின்ன அன்னிக்கே "அங்க போங்க"ன்னு ஒருத்தர் சொல்லியிருந்தாக்கூடப் போதும்.)

அந்த அஞ்சு லட்சம் கார்டுக்கும் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும். அதாவது மாசம் 10,000. மகன் ஷூ கம்பெனியில 12,000 வாங்கினாலே கணக்கு 1,44,000 ஆயிடும். அப்பா அந்த வரம்புக்கு வெளியே.

அந்த மகனுக்கும் ஈ.எஸ்.ஐ. இருக்குமே? இருக்கும். அவரை நம்பியிருக்கிற அப்பா அம்மாவை அவர் கார்டுலயே சேர்க்கலாம், பெத்தவங்க வருமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு. கல்யாணமானதும் மனைவி, பிள்ளை பேரைச் சேர்க்கறவங்க இதை மறந்துடறாங்க.

70 தாண்டினவங்களுக்கு 2024 அக்டோபர்ல மத்திய அரசு ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு கொண்டுவந்தது. வருமானம் கேட்கறதில்ல, ஆதார் போதும். ஈ.எஸ்.ஐ.ல இருந்தாலும் எடுக்கலாம். அதுவும் அட்மிஷன் போடற சிகிச்சைக்குத்தான். போறதுக்கு முன்னாடி அந்த ஆஸ்பத்திரியில ஏத்துக்கறாங்களான்னு கேட்டுக்கோங்க. சரி, 58ல வேலை முடிஞ்சவர் 70 வரைக்கும் என்ன பண்றது? நான் பார்க்கற பக்கவாதமும் ஹார்ட் அட்டாக்கும் அதிகமா வர்றதே இந்தப் பன்னிரண்டு வருஷத்துலதான்.

இதுல பெண்கள் நிலைமை இன்னும் மோசம். 50 வயசுல கண்ணு மங்கி தையல் வேகம் குறைஞ்சா "நாளைக்கு வர வேணாம்"னு சொல்லிடறாங்க. அது ரிட்டயர்மென்ட்டா? கையில ஒரு பேப்பரும் இருக்காது, பேப்பர் இல்லாம 120 ரூபாய் கட்டவும் முடியாது. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது ஈ.எஸ்.ஐ. நம்பர் போட்டிருந்தா அஞ்சு வருஷக் கணக்கும் சிதறிடும். வீட்லயே உட்கார்ந்து ஷூவுக்கு அப்பர் தைக்கிற அக்காக்களுக்கு ஈ.எஸ்.ஐ.யே கிடையாது.

என்னைக் கேட்டா, இதைத் தொழிலாளி தேடிப் போய்த் தெரிஞ்சுக்கணும்னு விடறதே தப்பு. சேரும்போது நம்பர் போடத் தெரிஞ்ச கம்பெனிக்கு, போகும்போது இந்த ஃபார்மை நிரப்பிக் குடுக்கறது பெரிய வேலையா?

அது நடக்கற வரைக்கும், கடைசி நாளுக்கு முன்னாடியே ரிட்டயர்மென்ட் லெட்டரைக் கேட்டு வாங்குங்க. பழைய ஈ.எஸ்.ஐ. நம்பரைத் தூக்கிப் போடாதீங்க. வேலை மாறினாலும் அதே நம்பரைக் குடுங்க. 120 ரூபாய் கட்ட ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துல கேளுங்க.

பெரியவர் இப்ப பிடிச்சுக்கிட்டு நடக்கறார், பேச்சு இன்னும் தெளியல. மகன் ஷூ கம்பெனியிலதான் இருக்கார். அவர் கார்டுல அப்பா அம்மா பேர் இல்ல. நேத்து ஆதார் நகலோட ஹெச்.ஆர்.கிட்ட போயிருக்கார்.