பெட்டியின் சூட்டையும் எழுதி வையுங்கள்

34 வருடம் வங்கியில் வேலை பார்த்தேன். சாயந்திரம் கல்லாவை மூடும்போது கணக்குப் புத்தகம் என்ன சொன்னாலும், கையிருப்பை எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. ஓய்வு பெற்று செஞ்சிப் பக்கத்தில் மூன்று ஏக்கரில் உழவுக்கு வந்த பிறகு, அந்தப் பழக்கத்தை ஒரே ஓர் இடத்தில் விட்டுவிட்டேன். அதற்கு விலை கொடுத்தவர் என் பக்கத்து வயல்காரர்.

நமக்கென்று ஒரு வானிலைக் கணக்கு வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் முதல் தேதி காலை வரையான ஒரே நாளில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. அதே விழுப்புரம் மாவட்டத்தில் எல்லா ஊரிலும் அப்படிப் பெய்யவில்லை. மாவட்டத்துக்கு ஒரு முன்னறிவிப்பை வைத்துக்கொண்டு ராஜகிரி, கிருஷ்ணகிரி பாறைகளுக்கு நடுவே இருக்கும் நாம் விவசாயம் செய்ய முடியாது. பகலெல்லாம் காய்ந்த பாறை, ராத்திரியிலும் அனல் விடும் ஊர் இது.

அதனால் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினேன். இலவச வானிலை மென்பொருளை அதில் போட்டேன். மழைமானியையும் காற்றுமானியையும் வெளியே கம்பத்தில் கட்டினேன். வெப்பம், ஈரப்பதம் அளக்கும் சென்சாரை மட்டும் மழைக்குப் பயந்து, கம்ப்யூட்டர் இருந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ளேயே, துளை போட்டு வைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

மார்கழியில் சீரகச் சம்பா கதிர் வாங்கும் நேரம். ராத்திரி குளிர்ந்து, ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் நின்று, இலையில் பனி தங்கினால் குலைநோய் வரும். என் பெட்டியோ தினமும் 24 டிகிரி, 78 சதவீதம் என்று காட்டியது. "பயமில்லை, சூடோமோனாஸ் அடிக்க அவசரம் வேண்டாம்" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பத்து நாளில் பக்கத்து வயலில் கதிர்க் கழுத்து கறுத்து ஒடிந்தது. "மேனேஜர் சார், உங்க பொட்டி நல்லாருக்குதுன்னு தானே சொல்லிச்சு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

உண்மை ஒரு மின்வெட்டில் தெரிந்தது. ராத்திரி மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. திரும்ப வந்ததும் பெட்டி காட்டிய முதல் கணக்கு 21 டிகிரி, 94 சதவீதம். ஒரு மணி நேரத்தில் அது மெதுவாக 24க்கும் 78க்கும் வந்து நின்றது. வெளியே பனி அப்படியேதான் இருந்தது. சூடானது கம்ப்யூட்டர்தான். காற்றைச் சூடேற்றினால், அதில் இருக்கும் தண்ணீர் குறையாமலே ஈரப்பத சதவீதம் இறங்கிவிடும். அத்தனை நாளும் என் சென்சார் அளந்தது வயலை அல்ல, டப்பாவை!

அந்தக் கம்ப்யூட்டரின் பிராசசர் தன் சூட்டைத் தானே அளந்து ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கிறது. 58400 என்றிருந்தால் 58.4 டிகிரி. அதையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வானிலைக் கணக்கோடு பதியச் செய்தேன். பிராசசர் கோடும் காற்றின் வெப்பக் கோடும் சேர்ந்தே ஏறி இறங்கியதைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. சித்திரை வெயிலில் அது 81 வரை போனது. 80ஐத் தொட்டால் இந்த வகைக் கம்ப்யூட்டர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இப்போது கம்ப்யூட்டர் வீட்டுக்குள், வடக்குச் சுவரில், அலுமினியத் தகடு ஒட்டி, காற்றோட்டமாக இருக்கிறது. சென்சார் தனியாக, நாலடி உயரத்தில், வெள்ளையடித்த சாய்பலகைப் பெட்டியில். 19ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் வடிவமைத்த பெட்டிதான் அது. அதை மதிக்காமல் விட்டது என் அவசரம்.

"இயற்கை உழவனுக்கு எதுக்குய்யா கம்ப்யூட்டர்? விடியக்காலம் வரப்புல நடந்தா பனி தெரியாதா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். நடந்திருந்தால் கால் நனைந்திருக்கும், எனக்கும் தெரிந்திருக்கும். ஆனால் போன மார்கழியில் எத்தனை ராத்திரி பனி தங்கியது என்று கால் நினைவு வைத்திருக்காது. காலும் வேண்டும், கணக்கும் வேண்டும். ஒன்றை வைத்து ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்.

இது என் டப்பாவோடு முடிகிற விஷயம் இல்லை. வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டில், வயலில் இறங்கி விளைச்சலை அளப்பதில்லை. குறித்த வானிலை நிலையத்தின் எண்களை வைத்தே இழப்பீடு கணக்கிடுகிறார்கள். வட்டாரந்தோறும் தானியங்கி வானிலை நிலையம், ஊராட்சிதோறும் மழைமானி என்று 'விண்ட்ஸ்' திட்டத்தை 2023ல் மத்திய அரசு தொடங்கியது. நல்லது, வரட்டும். ஆனால் மழை இத்தனை, வெப்பம் இத்தனை என்று மட்டும் சொன்னால் போதாது. அந்தந்த நேரத்தில் பெட்டிக்குள் சூடு எவ்வளவு, பேட்டரி எவ்வளவு, எத்தனை மணி நேரம் பதிவு விட்டுப்போனது என்பதையும் அதே பக்கத்தில் உழவர் பார்க்கும்படி வெளியிட வேண்டும். நம் பணம் அந்த எண்ணில் தொங்குகிறது. அந்த எண்ணைத் தணிக்கை செய்ய நமக்கு உரிமை உண்டு. கிராம சபையில் இதைக் கேளுங்கள்.

சொந்தமாகப் பெட்டி வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரியே ஒரு வேலை செய்யுங்கள். சாதாரண தெர்மாமீட்டர் ஒன்றை வேப்பமரத்து நிழலில் கட்டி, விடியுமுன் இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பெட்டியைச் சரிசெய்யும்வரை பக்கத்து வயல்காரருக்கு யோசனை சொல்லாதீர்கள்.